மழை வந்தால் ஸ்டியரிங் உங்களுக்கு

திருச்சி தில்லை நகர் மெயின் ரோட்டில் புது கார் எடுக்கிறவர்கள், மைலேஜ் விசாரித்த கையோடு 'அடாஸ் உண்டா?' என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைக் குறைப்பது, கோடு தாண்டினால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புவது, மோதப்போகிற நேரத்தில் தானே பிரேக் அடிப்பது எல்லாம் அடாஸ் பார்க்கும் வேலை. 2021இல் இந்த வசதியோடு வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700, செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டி ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி.

வெயில் நாளில் சென்னை நெடுஞ்சாலையில் இது ஜோராக வேலை செய்யும். ஐப்பசியில் பாடாலூர் தாண்டி மழை பிடித்துக்கொள்ளட்டும், அப்போது தெரியும் சேதி. லாரி டயர் கிளப்பும் தண்ணீர்ப் புகையில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்கு வெள்ளைக் கோடு மறைந்துபோகும். எச்சரிக்கை விளக்கு ஒன்று எரியும், வசதி அணைந்துவிடும். ரேடாரை மழை அவ்வளவாகப் பாதிக்காது; முன்னால் லாரி இருப்பதைச் சொல்லும், ஆனால் சாலையில் போட்ட கோட்டை அதனால் படிக்க முடியாது. லைடார் என்ற லேசர் கருவியின் ஒளியோ மழைத்துளியில் பட்டுச் சிதறுகிறது.

முழுதாக ஆளில்லாமல் ஓடும் வண்டிக்கும் இதே மழைக் கவலைதான். வெய்மோ நிறுவனம் 2020 அக்டோபரில் ஆளில்லா டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதி. பாலைவனம்! ஊரை விவரமாகத்தான் பிடித்திருக்கிறார்கள். நம் மழைக்குப் பொருத்தமான ஊர், திருச்சியிலிருந்து நேராக விமானம் ஏறிப் போகிற சிங்கப்பூர். அங்கே 2016 ஆகஸ்டில் நூடோனமி நிறுவனம், அவசரத்துக்கு உள்ளே ஓர் ஆளை உட்காரவைத்துத் தானியங்கி டாக்சி ஓட்டிப் பார்த்தது. மறுவருடம் நன்யாங் பல்கலைக்கழகம் திறந்த சோதனைத் தடத்தில் செயற்கை மழை பெய்விக்கும் கருவியும் தண்ணீர் தேங்கும் பகுதியும் உண்டு.

நம் திருச்சி சாஸ்திரி ரோட்டில் தேங்கும் தண்ணீர் வேறு ரகம். அடியில் பள்ளம் எங்கே என்று கேமராவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முன்னால் போன ஆட்டோ எங்கே ஒடித்தது என்று பார்த்து நாமும் ஒடிப்போம்.

வேலை பறிபோகும் என்று சொல்லி, ஆளில்லா கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2023இல் அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். ஆக்டிங் டிரைவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் தானியங்கிச் சமாசாரம் துண்டு துண்டாக உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புது கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நொடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பது அதுதான். மழையில் நம் காலின் வேலையில் பாதி எப்போதோ கைமாறிவிட்டது. கண்ணின் வேலைதான் இன்னும் நம்மிடமே நிற்கிறது.

அடாஸ் வண்டி வைத்திருப்பவர்கள் ஐப்பசிக்கு முன்பே வைப்பர் ரப்பரை மாற்றிவிடுங்கள். கேமராவும் அதே கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது.