தில்லை மரமும் ஒரு லத்தீன் வார்த்தையும்

எனக்கு ஊர் புவனகிரி. வெள்ளாத்தைத் தாண்டினா சிதம்பரம், அங்கிருந்து கொஞ்ச தூரம் பிச்சாவரம். போன தடவை அலையாத்திக் காட்டுக்குள்ள படகுல போறப்ப, சிவந்த இலை ஒண்ணைக் கிள்ளிட்டேன். வெள்ளையா பால் வடிஞ்சது. படகோட்டி அண்ணன் பதறிட்டார்: "தம்பி, அந்தக் கையைக் கண்ணுல வெச்சிராதீங்க!"

அதுதான் தில்லை. சிதம்பரத்துக்கே பேர் கொடுத்த மரம். தாவரவியல் பேர் எக்ஸ்கோகேரியா அகல்லோக்கா. லத்தீன்ல 'கைகஸ்'னா குருடு; 'எக்ஸ்கைகாரே'ன்னா குருடாக்குவது. படகோட்டி சொன்ன அதே எச்சரிக்கைதான் பேராவே இருக்கு! 17ஆம் நூற்றாண்டுல இந்தோனேசியாவின் அம்போன் தீவுல இருந்த ரம்ஃபியஸ் இதைக் 'குருடாக்கும் மரம்'னு எழுதினார். 1759இல் லின்னேயஸ் அதையே பேரினப் பேராக்கினார். (ரம்ஃபியஸுக்கும் 1670இல் பார்வை போச்சு. காரணம் க்ளாக்கோமான்னுதான் சொல்றாங்க.)

இதே 'கைகஸ்' உங்க வயித்துக்குள்ளயும் இருக்கு. அப்பெண்டிக்ஸ் ஒட்டியிருக்கிற குடல் பகுதிக்கு 'சீக்கம்'னு பேர். ஒரு பக்கம் வழியில்லாத, குருட்டுக் குடல்.

'அகல்லோக்கா' மட்டும் கொஞ்சம் ஏமாத்துற பேர். கிரேக்கத்துல அது அகில் கட்டையைக் குறிக்கும். ஆனா தில்லை ஆமணக்குக் குடும்பம். அகிலுக்கு உறவே இல்ல.

பால் கண்ணுல பட்டா எரியும், வீங்கும், தற்காலிகமா பார்வையே போகலாம். தேய்க்காம, நல்ல தண்ணியால நிறைய நேரம் கழுவிட்டு உடனே கண் டாக்டர்கிட்ட போங்க.

அண்ணன் தன் குடிதண்ணி பாட்டிலை முழுசா என் கையில ஊத்தினார். அப்புறமும் கரைக்கு வர்ற வரைக்கும் அந்தக் கையை முகத்துப் பக்கமே கொண்டு போகல.