சொந்தக் காரும் தொழில் கணக்கும்: கிலோமீட்டரை எழுதி வைக்காமல் கழிவு கேட்காதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி, பூந்தமல்லிப் பக்கமும் பட்டறையோ கடையோ நடத்துபவர்களிடம் ரிட்டர்ன் போடும் நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இது. வீட்டுக்கென்று வாங்கிய காரில்தான் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆர்டர் பேசப் போகிறார்கள். ஆண்டு முடிந்ததும் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டி முழுவதையும் தொழில் செலவாக எழுதிவிடுகிறார்கள். வேறு சிலர் வம்பெதற்கு என்று நியாயமான செலவைக்கூடக் கேட்பதில்லை. இரண்டுமே நஷ்டம்.

முதலில் கழிவு கேட்க உங்களுக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளக்காரர் தன் பெட்ரோல் செலவை ரிட்டர்னில் கழிக்க முடியாது. 44ஏடி பிரிவில் விற்றுமுதலுக்கு 6 அல்லது 8 சதவீதம் லாபம் காட்டி ஐடிஆர்-4 போடுபவருக்கும் தனியாகக் கார் செலவு கிடையாது. எல்லாச் செலவும் அதற்குள் அடங்கிவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. கணக்குப் புத்தகம் வைத்து ஐடிஆர்-3 போடுபவர்தான் கேட்கலாம். புதிய வரி முறைக்குப் போனால் இது போய்விடும் என்று சொல்கிறார்களே, அதை நம்பாதீர்கள். தொழில் செலவும் சாதாரணத் தேய்மானமும் அதிலும் உண்டு.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 38(2) பிரிவுப்படி, சொந்த உபயோகமும் கலந்திருந்தால் தொழிலுக்கான பங்கை மட்டுமே கழிக்கலாம். (2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு எண்கள் மாறும்.) ஆண்டில் ஓடியது 15,000 கி.மீ., தொழிலுக்கு 9,000 என்றால் பங்கு 60 சதவீதம். எட்டு லட்ச ரூபாய் காருக்கு முதலாண்டுத் தேய்மானம் 15 சதவீதம், அதாவது 1,20,000. அதில் நீங்கள் கேட்கக்கூடியது 72,000. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அதிலும் பாதிதான். பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், கடன் வட்டி எல்லாவற்றுக்கும் இதே பங்கு. தவணையில் உள்ள அசல் எந்தக் காலத்திலும் செலவாகாது.

அந்த 60 சதவீதத்தை நிரூபிப்பது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம்தான். தேதி, கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் காட்டும் எண், போன கம்பெனி, போன காரியம் என்று அன்றன்றே எழுதுங்கள். வீட்டிலிருந்து பட்டறைக்குப் போய்வரும் தூரத்தைச் சேர்க்காதீர்கள். பங்க் ரசீதில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றே போட்டோ எடுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கணக்கில் நிற்காது. கார் வாங்கும்போது அப்படிக் கொடுத்த ரொக்கமும் விலையில் சேராது. நோட்டு இல்லையென்றால் அதிகாரி தன் போக்கில் ஐந்தில் ஒரு பங்கையோ இன்னும் அதிகமாகவோ வெட்டிவிடுவார். உண்மையாக அலைந்தவருக்கும் அதே வெட்டு என்பது கொஞ்சமும் நியாயமில்லை. ஆனால் எழுத்தில் ஏதுமில்லாமல் அதை எதிர்த்து வாதாடவும் முடியாது.

வரியைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. தனியார் கார் பாலிசி வாடகைக்கு ஓட்டுவதையும், சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர்த்த சரக்கு ஏற்றுவதையும் விலக்குகிறது. டிக்கி நிறைய காஸ்டிங் ஏற்றிப்போய் விபத்தில் சிக்கினால் கிளெய்மே மறுக்கப்படலாம். சரக்குக்குச் சரக்கு வண்டி வையுங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடாதீர்கள்; பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம் மட்டுமல்ல, சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

வருமான வரி நோட்டீஸ் வந்தால் நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்கு ஓட வேண்டாம், புரோக்கரிடமும் போக வேண்டாம். அதிலுள்ள ஆவண அடையாள எண்ணை வருமான வரி இணையதளத்தில் சரிபாருங்கள். எண் இல்லாத கடிதம் போலியாக இருக்கலாம். பதிலை இ-புரொசீடிங்ஸ் பகுதியில், கெடுவுக்குள், நோட்டின் ஸ்கேன், ரசீதுகள், ஆர்சி, வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றோடு ஏற்றுங்கள். தவறாகக் காட்டிய வருமானத்துக்கு, அதற்குரிய வரியில் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு.

முழுத் தவணையையும் ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள், கெடு இருந்தால் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். தாண்டிவிட்டால் ஐடிஆர்-யு இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை போடலாம். தாமதத்துக்கு ஏற்ப, கட்டவேண்டிய வரிக்கும் வட்டிக்கும் மேல் 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பரிசீலனை நோட்டீஸ் வந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு இந்த வழியும் அடைபடும். அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.