அழாத குழந்தையின் ரத்தம் என்ன சொல்கிறது?

சோலூர் என்றதும் கோத்தகிரிப் பக்கத்துச் சோலூர்மட்டத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. இது ஊட்டியைத் தாண்டி இருக்கும் சோலூர். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள், தேயிலைச் சரிவுகள், படுகர் ஹட்டிகள், தோடர் மந்துகள். நடுராத்திரியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் 108-க்குப் போன் போகும். வண்டி மூடுபனியில் வளைந்து வளைந்து ஊட்டி போய்ச் சேர வேண்டும்.

அப்படிப் போய்ச் சேர்ந்து பிறக்கும் குழந்தை உடனே அழுதுவிட்டால் கவலையில்லை. அழாவிட்டால் வராந்தாவில் நிற்கும் பாட்டிகளுக்குச் செய்தி மூன்று விதமாக வந்து சேரும்: “தண்ணி குடிச்சிருச்சு”, “கொடி சுத்திருச்சு”, “பெட்டியில வெச்சிருக்காங்க.” மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான். குழந்தையின் மூளைக்குப் போக வேண்டிய பிராணவாயு போகவில்லையோ? பிழைத்தாலும் நடக்குமா, பேசுமா?

இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் மழுப்புகிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். மழுப்பல் இல்லை, முதல் சில மணி நேரத்தில் அதைச் சொல்லும் கருவி அவர்களிடம் குறைவு. அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா அப்கார் 1952-ல் முன்வைத்து 1953-ல் அச்சில் வெளியிட்ட மதிப்பெண் முறைதான் இன்றும் பிரசவ அறையில் முதல் அளவுகோல். இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோல் நிறம். மொத்தம் 10 மதிப்பெண். கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டிய குழந்தை எது என்று பார்க்க அது போதும். ஐந்து வருடம் கழித்து அந்தக் குழந்தை எப்படி இருக்கும் என்று சொல்வதற்காக அது வந்ததே இல்லை.

எனவே ரத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க வேண்டியது குழந்தையைக் குத்தி எடுத்த ரத்தத்தை அல்ல, தூக்கி எறியப்போகும் தொப்புள்கொடியில் தங்கியிருக்கும் ரத்தத்தை. கொடிக்குள் இரண்டு தமனிகள், ஒரு சிரை. சிரை நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு ரத்தம் கொண்டுபோகிறது. தமனிகள் குழந்தையிடமிருந்து திரும்பக் கொண்டுவருகின்றன. ஆக, குழந்தை எந்த நிலையில் இருந்தது என்று சொல்வது தமனி ரத்தம். பிராணவாயு கிடைக்காத திசுக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும், ரத்தம் புளித்துப்போகும். சாதாரணமாக 7.25-ஐ ஒட்டி இருக்க வேண்டிய பி.ஹெச். 7.0-க்குக் கீழே இறங்கியிருந்தால் ஆபத்து.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு. தமனியையும் சிரையையும் தனித்தனியாக அளந்தால் நேரமும் ஓரளவு தெரியும். கொடி திடீரென நசுங்கியிருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கும். நஞ்சுக்கொடியே நெடுநேரமாகச் சரியில்லை என்றால் இரண்டுமே சேர்ந்து விழுந்திருக்கும். சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் ஒரு தடயம் உண்டு. நெடுநேரம் திணறிய குழந்தையின் ரத்தத்தில் உட்கருவோடு கூடிய, முதிராத சிவப்பணுக்கள் கூடுதலாக வெளியே வந்திருக்கும்.

செவிலியர்கள் குழந்தையைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்கும்போது யார் கொடியைக் கவனிப்பது என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் கிளிப் போட்டுத் துண்டாக எடுத்து வைத்தால் அறை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்து, கொடியை எறிந்துவிட்டு, குழந்தையை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அந்தச் சாட்சி போய்விடுகிறது. குழந்தையிடமிருந்தே முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏ.பி.ஜி. எனும் தமனி ரத்த வாயுப் பரிசோதனை எடுத்தால் உண்டு. அதற்கு மேல் மூச்சு கொடுக்கக் கொடுக்க அமிலம் குறைந்து, நடந்தது ரத்தத்திலிருந்து மறைந்துபோகும்.

‘எப்போது’ என்ற இந்தக் கேள்வியை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எழும்பூரில் இருக்கிறது.

பிராணவாயு குறைந்து மூளை பாதித்த குழந்தைகளை ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருப்பது பணக்கார நாடுகளில் வழக்கமான சிகிச்சை. அங்கே அது உயிர்களைக் காத்தது, ஊனத்தைக் குறைத்தது. இங்கேயும் அப்படித்தானா என்று பார்க்க, லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் சுதின் தய்யில் தலைமையில் ‘ஹீலிக்ஸ்’ ஆய்வு நடந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் தாய் சேய் நல மருத்துவமனையும் அதில் உண்டு. 2021-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த முடிவு பலரையும் உலுக்கியது. இறப்பு அல்லது மிதமான, கடுமையான ஊனம் என்று கூட்டிப் பார்த்தால் குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 47 சதவீதம். இறப்பை மட்டும் எடுத்தால் 42-க்கு 31. அதாவது குளிர்வித்த பக்கத்தில்தான் அதிகம்.

இதற்கு நேர்மாறாக, வேலூர் சி.எம்.சி.யில் 50 குழந்தைகளிடம் நடந்த சிறிய ஆய்வில், குளிர்வித்த குழந்தைகளின் மூளை எம்.ஆர்.ஐ.யில் பாதிப்பு குறைவாகத் தெரிந்தது. விவாதம் ஓயவில்லை. ஒரு பக்கம் பொய் என்று நான் நினைக்கவில்லை. வேறு வேறு விதமாகத் திணறிய குழந்தைகளை ஒரே பெயரில் அழைக்கிறோம் என்பதே என் கணிப்பு.

அந்தக் கணிப்புக்கு ரத்தமே துணை நிற்கிறது. சுதின் தய்யில் குழுவினர் இந்திய மருத்துவமனைகளில் பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன, எவை தூங்குகின்றன என்று படித்தார்கள். 45 குழந்தைகள். ஒன்றரை வயதில் திரும்பப் பார்த்தபோது, இறந்த அல்லது ஊனம் வந்த குழந்தைகளுக்கும் நலமாக இருந்தவர்களுக்கும் இடையே 855 மரபணுக்கள் வேறுபட்டன. 2020-ல் வந்தது அது. பிறகு 2024-ல், தெற்காசியக் குழந்தைகளின் ரத்தத்தைப் பணக்கார நாட்டுக் குழந்தைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். அங்கே பிராணவாயு திடீரென அறுந்த அடையாளம். இங்கே விட்டுவிட்டு, நெடுநேரம் குறைந்த அடையாளம். தூக்கத்தில் மூச்சு தடைபடும் பெரியவர்களின் ரத்தத்தில் காண்பதைப் போன்றது. கரண்ட் பட்டென்று போவதற்கும் நாள் முழுக்க லோ வோல்டேஜில் மோட்டார் ஓடிக் கருகுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. கருகி முடிந்ததைப் பிறகு குளிர்வித்து என்ன பயன்?

தாயின் ஊட்டக்குறைவு, கர்ப்பகாலத்துத் தொற்று போன்ற நெடுநாள் அழுத்தங்கள் மேல் பிரசவ வலியும் சேர்ந்து கொள்வதுதான் காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது. வலி வர ஊசி போடும்போது குழந்தையின் துடிப்பை விடாமல் கேட்க வேண்டியது இதனால்தான். “ஒரு ஊசி போட்டு சீக்கிரம் முடிச்சு விடுங்கம்மா” என்று நர்ஸம்மாவை நச்சரிக்கும் உறவினர்களுக்கும் இதில் பங்குண்டு. அளவு மீறினால் கருப்பை இடைவிடாமல் இறுகும். ஒவ்வோர் இறுக்கத்திலும் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும்.

மரபணுச் சோதனை இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீலகிரிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பழைய உறவு உண்டு. அரிவாள் அணு ரத்தக் குறைபாடு இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இந்த மலைப் பழங்குடியினரிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் அதை வெளியிட்டது 1952-ல்; அப்கார் மதிப்பெண் முறையும் அதே ஆண்டுதான். தாய்க்கு அந்த நோய் இருந்தால் நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் குழந்தையின் வளர்ச்சி குன்றலாம். இங்கே திணறல் பிரசவ வலிக்கு மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதம் எடுக்கும் ஹீமோகுளோபின் அளவு, பிறக்கும் குழந்தையின் மூளைக்கான முதல் பரிசோதனை என்றே நான் சொல்வேன்.

திணறலுக்கு மலையின் உயரமும் ஒரு காரணமோ என்று கேட்பவர்கள் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சற்றுக் குறைத்துக் காட்டும், அது நோயல்ல.

மலைக்கு இப்போது வேண்டியது எளியது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. இனி வேண்டியவை: ஏ.பி.ஜி. கருவி ஒன்று, அதற்கான கார்ட்ரிட்ஜ் விடியற்காலை 2 மணிக்கும் கையிருப்பில், கீழ்நிலை ஆஸ்பத்திரிகளிலிருந்து குழந்தையோடு கிளிப் போட்ட கொடித் துண்டும் வண்டியில் வருவது, குதிகாலில் ஒரு துளி எடுத்துச் சர்க்கரை பார்ப்பது. சர்க்கரை இறங்கினால் ஏற்கெனவே அடிபட்ட மூளை இரண்டாவது அடி வாங்கும். அதைத் தடுப்பதற்கு ஆகும் செலவு சில ரூபாய். இவற்றை முதலில் உறுதி செய்துவிட்டு மரபணுவுக்குப் போகலாம்.

கொடி ரத்தம் நல்ல செவிலியருக்கும் காவல். மூளைவாதம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பிரசவ நேரத் திணறல் காரணமல்ல என்று 1986-லேயே நெல்சன், எலன்பெர்க் ஆய்வு காட்டிவிட்டது. கொடி ரத்தம் சரியாக இருந்தால், பழியைப் பிரசவ அறையின் மேல் போட முடியாது.

உங்கள் வீட்டுக் குழந்தை பிறந்ததும் அழாமல் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: அப்கார் மதிப்பெண், கொடி ரத்தம் அல்லது முதல் மணி நேர ஏ.பி.ஜி., சர்க்கரை அளவு, ஃபிட்ஸ் வந்ததா இல்லையா. இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் ஒன்றரை வயது வரையாவது குழந்தையைத் தவறாமல் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். மையத்தில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.