கல்லும் பெயரும்

சென்ற தவணையில் ஒருநாள் தொல்காப்பியப் புறத்திணையியலைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டும் முறை அன்றைய பாடம். தக்க கல்லைத் தேடிக் காணுதல், அதனைக் கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்னும் ஆறு நிலைகளையும் கரும்பலகையில் எழுதி முடித்தவேளை, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, உடலே கிடைக்காத வீரனுக்கு என்ன செய்வது?"

மணி அடித்துவிட்டமையால் மறுமொழி கூறாது வந்துவிட்டோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டபாடில்லை. எமக்கு எட்டிய விடையை இங்கே எழுதுகின்றோம்.

நடுகல்லுக்கு உயிர் தருவது அதன் கீழ்க் கிடக்கும் உடலன்று. அதன்மேல் நிற்கும் பெயரே. கல்லிற் பெயர் பொறித்து மயிற்பீலி சூட்டி வழிபட்ட வழக்கத்தைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லொன்று இன்னும் வியப்பைத் தருவது. மாண்ட வீரனோடு நின்று கள்வரைக் கடித்துக் காவல் காத்த நாயின் பெயரையும் அக்கல் தாங்கியுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917இல், பிரித்தானியப் பேரரசின் போர்க் கல்லறை ஆணைக்குழு நிறுவப்பெற்றது. இதற்குக் காரணராயிருந்தவர் பேபியன் வெயர் என்பவர். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல். செல்வன் மகனும் ஏழை மகனும் வீழ்ந்த நிலத்திலேயே அடக்கம். எவர் உடலும் தாயகம் கொண்டுவரப்படலாகாது. இவையே அக்குழு வகுத்த விதிகள். பெற்ற வயிறுகள் இதனை எளிதில் ஏற்கவில்லை. தம் மைந்தரின் கல்லறைக்குத் தாம் விரும்பிய சிலுவையை நாட்ட இடந்தருமாறு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பஞ் செய்தனர். 1920இல் பாராளுமன்றத்திலும் வழக்காடப்பெற்றது. ஈற்றில் சமத்துவமே வென்றது.

அப்படியாயின், உடல் கிடைக்காதோர்? சேற்றிலும் குண்டிலும் சிதைந்து அடையாளமின்றி மறைந்தோர் பல்லாயிரவர். அவர்களுக்காகப் பெல்சியத்தின் ஈப்பர் நகரில் மெனின் வாயில் எழுந்தது. 1927இல் திறக்கப்பெற்ற அவ்வாயிலின் சுவர்களில் 54,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. 1928 தொடக்கம் அங்கே இரவு எட்டு மணிக்கு ஊதுகொம்பு ஒலித்துவருகின்றது. செர்மானியர் அந்நகரைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில் மாத்திரம் அங்கே அது ஒலிக்கவில்லை. பிரான்சின் நூவ் சப்பலில் 4,700க்கு மேற்பட்ட இந்திய வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இங்கிலாந்தின் பிரைற்றன் நகருக்கு அண்மையில், இந்து, சீக்கிய வீரரின் உடல்கள் எரியூட்டப்பெற்ற இடத்தில் 1921 முதல் ஒரு சத்திரி நிற்கின்றது. சாம்பல் கடலிற் கரைந்தது, நினைவு கரையவில்லை.

இத்துடன் நிறுத்தினால் மாணவனுக்குப் பாதி உண்மையையே கூறியவராவோம். அந்தச் சமத்துவம் எல்லோருக்கும் கிட்டவில்லை. கிழக்காபிரிக்காவிலும் எகிப்திலும் படைக்குச் சுமை தூக்கி, வழி வெட்டி, நோயுற்று மடிந்தோர் பலர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. கல்லறைக் கல்லின் மதிப்பைச் சுதேசிகள் உணரமாட்டார்கள் என்று ஆபிரிக்கக் குடியேற்ற நாடொன்றின் ஆளுநர் அந்நாளிற் கூறினார். 2021இல் ஆணைக்குழுவே தன் பிழையை ஆராய்ந்து வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரையில், பெயர் குறிக்கப்படாமலோ நினைவே செய்யப்படாமலோ விடப்பட்டனர் என்பது அவ்வறிக்கையின் முடிவு. 2025 சனவரியில் கேப் ரவுண் நகரில் 1,700க்கு மேற்பட்ட கறுப்பின உழைப்பாளரின் பெயர் தாங்கிய நினைவிடம் திறக்கப்பெற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்தூண். நூறாண்டு பிந்திய நடுகல்.

ஒரு சிற்றூரார் நாய்க்கு அளித்த மதிப்பை ஒரு பேரரசு மனிதருக்கு அளிக்கத் தவறியது. பொருள் இல்லாமையால் நேர்ந்ததன்று இக்குறை. அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்று எண்ணாமையால் நேர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்கும் நினைவுத் தூண் முன்னர் காலிமுகத்திடலில் நின்றது. திருகோணமலையிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியில் இரண்டாம் உலகப் போர்க்காலக் கல்லறைகள் வரிசையாக உள்ளன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் 'எர்மிசு' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் யப்பானியரின் குண்டுகளால் மூழ்கியது. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் கடலே அவர்களுட் பலர்க்குக் கல்லறை.

போரைப் போற்றுதல் வேறு. மாண்டவனை மறவாதிருத்தல் வேறு. எந்தப் போர் நீதியானது என்பதைச் சரித்திர ஆசிரியர் நெடுங்காலம் ஆராயட்டும். மகனை இழந்த தாய் அம்முடிவு வரும்வரை காத்திருக்கமாட்டாள். அவளுக்கு வேண்டுவது விளக்கேற்ற ஓரிடமும் வாய்விட்டுச் சொல்ல ஒரு பெயருமே.

ஆகவே, தம்பி, உன் வினாவுக்கு எம் விடை இதுதான்: உடல் கிடைக்காவிடினும் பெயரைத் தேடு; தேடியதைப் பிழையின்றி எழுதிவை; எழுதும்போது எவன் பெயரையும் சிறிதென்று விட்டுவிடாதே.