ஏலா ஓரத் தோட்டங்களில் நீர்த்தேக்கமும் அதற்குரிய வடிகாலும்

கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாறசாலை, காரோடு, செங்கல், கொல்லயில் முதலிய ஊர்கள் தமிழ்நாட்டு எல்லையிலும் அதன் அருகிலும் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் சேர்ந்தபோது இவ்வெல்லை ஏற்பட்டது. எனினும் நில அமைப்பு இருபுறமும் ஒன்றே. தாழ்ந்த செம்மண் குன்றுகளும், அவற்றினிடையே நீண்டு கிடக்கும் பள்ளங்களுமே எங்கும் காணப்படுகின்றன. குன்றின் மேலும் சரிவிலும் உள்ள புன்செய் நிலம் விளை என்றும், பள்ளத்தில் உள்ள நெல்வயற் பரப்பு ஏலா என்றும் வழங்கும். ஏலாவின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு தோடு ஓடி, சுற்றிலுமுள்ள சரிவுகளின் நீரை வாங்கிச் செல்லும்.

பண்டைய வீடுகள் பெரும்பாலும் விளைகளிலேயே கட்டப்பட்டன. குடும்பங்கள் பெருகி நிலம் துண்டுபட்டபின், வீடுகள் சரிவின் அடிவாரத்திற்கும் ஏலாவின் ஓரத்திற்கும் இறங்கின. வயல்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. 1970களின் நடுவில் கேரளம் முழுவதிலும் ஏறத்தாழ 8.8 லட்சம் எக்டேராக இருந்த நெற்பரப்பு, பின்னர் இரண்டு லட்சம் எக்டேர் அளவிற்குச் சுருங்கியது. இதனைத் தடுக்கும் பொருட்டு 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே நிரப்பப்பட்ட இடங்களிலும் அவற்றை அடுத்த தோட்டங்களிலும், மழை ஓய்ந்து மூன்று நான்கு நாட்கள் சென்ற பின்னும் நீர் வடியாமல் நிற்பதைக் களப்பணியாளர் அடிக்கடி காண்கின்றனர்.

இப்பகுதிக்கு மழைக்காலம் இரண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. இரண்டாவது மழை, முன்னதால் ஏற்கெனவே நனைந்த மண்ணின்மேல் விழுவதால், தொல்லை பெரும்பாலும் அப்போதுதான் மிகுகிறது. 2021 நவம்பர் நடுவில் பெய்த பெருமழையில் பாறசாலை அருகே இருப்புப்பாதையின்மீது மண் சரிந்து ரயில் போக்குவரத்தே தடைப்பட்டது.

நீரின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். பத்து சென்ட் நிலம் ஏறத்தாழ 405 சதுர மீட்டர். அதன்மீது ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல் ஆகும். ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்றிலிருந்து மட்டும் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். மேட்டிலிருந்து வரும் நீர் இவற்றிற்குப் புறம்பானது.

மண்ணுக்குள் நிகழ்வது

செடியின் வேர்கள் சுவாசிக்கின்றன. மண் துகள்களின் இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்தே அவை பிராணவாயுவைப் பெறுகின்றன. அவ்விடைவெளிகள் நீரால் நிரம்பியதும் இவ்வழி அடைபடுகிறது. ஏனெனில் நீரினூடே பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. எஞ்சியதை வேர்களும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாட்களிலேயே செலவிட்டுவிடுகின்றன. பின்னர் பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, நைட்ரேட்டையும், அதன்பின் மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் கூட்டுப்பொருள்களையும், இறுதியில் கந்தகச் சேர்க்கைகளையும் சிதைக்கின்றன. தேங்கிய மண்ணைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றத்தின் காரணம் இதுவே.

வாழையும் மரச்சீனியும் நீர்த்தேக்கத்தை மிகக் குறைந்த காலமே தாங்கும். நல்லமிளகுக் கொடியில், ஈரம் மிகுந்த மண்ணில் பரவும் பைட்டாப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் அடித்தண்டை அழுகச் செய்து, சில நாட்களிலேயே கொடியை வாட்டிவிடும். காயல் ஓரங்களில் தென்னை செழிப்பதைக் கண்டு, அதற்கு எவ்வளவு நீர் நின்றாலும் தீங்கில்லை என்று எண்ணுவோர் உண்டு. அங்கே தென்னை நிற்பது உயர்த்திய வரப்பின்மேல்; அருகிலுள்ள நீரும் அசைந்துகொண்டிருப்பது. அசையாத நீரில் தென்னையின் வேரும் அழுகும். அவ்வாறு மஞ்சளித்த தென்னையை வேர்வாடல் நோய் கண்டதென்று வெட்டிவிடுதல் தகாது. வேர்வாடல் பைட்டோபிளாஸ்மாவால் உண்டாவது. இலைக்கீற்றுகள் விறைப்பிழந்து உட்புறமாக வளைதல் அதன் தனி அடையாளம். 1882ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின்னர் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் அந்நோய் முதலில் கவனிக்கப்பட்டதால், வெள்ளத்தையும் நோயையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் வேரூன்றியது போலும்.

நோட்டம்

வடிகால் வெட்டுமுன், நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகக்கூடும் என்னும் இரண்டையும் அறிதல் வேண்டும். மண்வெட்டியை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியை மறந்துவிடுகிறார்.

ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் உள்ள குழி எடுத்து நீரூற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, மட்டம் இறங்குவதை அளக்க வேண்டும். மணிக்கு 2.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இறங்கினால் மண்ணின் வடிதிறன் குறைவு. குழியின் பக்கங்களில் சாம்பல் நிறமும் துருநிறப் புள்ளிகளும் தெரியுமாயின், அந்த ஆழம்வரை நீர் ஆண்டுதோறும் நின்றிருக்கிறது என்பது பொருள். குழியில் ஊற்றாமலே நீர் ஊறினால், நோய் மேல்மண்ணில் இல்லை. நிலத்தடி நீர்மட்டமே உயர்ந்துள்ளது.

குன்றின் அமைப்பு இங்கு முக்கியமானது. வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கல் துளைகள் நிறைந்தது. மழைநீரை எளிதில் உள்வாங்கும். பல இடங்களில் அதன் அடியில் வெண்களிமண் படலம் உண்டு. உள்ளிறங்கிய நீர் அதற்குமேல் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் அடியில் கசிவாக வெளிப்படுகிறது. மேலே மழை நின்றும் கீழ்த்தோட்டத்தில் ஈரம் வற்றாமைக்கு இதுவே காரணம்.

அடுத்து, போகும் வழி. இருபது மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதைப் போலவே, தோட்டத்தின் தாழ்ந்த இடத்தையும் தோட்டின் நீர்மட்டத்தையும் ஒப்பிடலாம். பள்ளி மாணவர்களைக் கொண்டே ஆசிரியர்கள் இதனைச் செய்து காட்ட இயலும். பல தோட்டங்களில் இக்குழாய் காட்டுவது எதிர்பாராத ஒன்றாகும்: தோட்டத்தில் குறை ஏதுமில்லை, சாலை பலமுறை உயர்த்திப் போடப்பட்டு, அதன் கலுங்கின் அடிமட்டம் தோட்டத்தைவிட மேலே நிற்கிறது. அல்லது தோடு மண்மூடியுள்ளது. அந்நிலையில் வேலைக்குள் எத்தனை சால் வெட்டினாலும் அவை நீர் நிற்கும் தொட்டிகளே ஆகும். பஞ்சாயத்திடம் கலுங்கைத் தாழ்த்தவும் தோட்டைத் தூர்வாரவும் கோருவதே முதல் வேலை. ஒருவர் தம் நிலத்தை மட்டும் மண்ணிட்டு உயர்த்துவது, அந்நீரை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதேயன்றி வேறில்லை. அயலார் வழக்குகள் பலவும் இங்கே தொடங்குகின்றன.

வெட்டும் முறை

வடிகாலை எப்போதும் கீழ்க்கோடியில் தொடங்கி மேல்நோக்கி வெட்ட வேண்டும். இருபது மீட்டருக்கு பத்து முதல் இருபது சென்டிமீட்டர் இறக்கம் போதும். மிகுந்தால் செம்மண் அரித்துப் போகும். முதல் சால், நிலத்தின் மேற்புற எல்லையை ஒட்டிக் குறுக்காகச் சென்று, குன்றிலிருந்து வரும் நீரைத் தோட்டத்தில் நுழையுமுன்னே பிடித்துப் பக்கச் சாலில் சேர்ப்பிக்க வேண்டும். கசிவு மிகுந்த இடத்தில், சுமார் 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள இச்சால் ஒன்றே பாதித் தொல்லையை நீக்கிவிடும். தோண்டிய மண்ணைப் பாத்திகளில் பரப்பி மேடாக்கினால், அதே உழைப்பில் இரட்டைப் பயன். தாழ்நிலத்தில் புதுத் தென்னங்கன்றைக் குழியில் வைக்காமல் மண்மேட்டின்மீது நடுதல் நன்று.

களிமண்ணில் குழி தோண்டி மணல் நிரப்பி நடுவது பரவலான தவறு. சுற்றிலும் இறுகிய மண்ணிருக்க, நடுவில் மட்டும் மணல் இருந்தால், அக்குழி நாற்புற நீரையும் வாங்கி வைக்கும் கிணறாகிவிடும். கதம்பை எனப்படும் தேங்காய் உரிமட்டையைச் சாலில் புதைப்பதும் அத்தகையதே. அது வறண்ட விளையில் ஈரங்காக்கும் நல்ல முறை. அதனாலேயே இங்கு ஆகாது. சாலை மூட வேண்டுமாயின் கருங்கல் சல்லியும் துளையிட்ட குழாயும் இட்டு, மண் புகாத துணியால் சுற்றி மூடலாம்.

வீட்டுக் கிணற்றை மறத்தலாகாது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது கழிவுக்குழியின் நீரும் கிணற்று நீரும் அருகருகே வந்துவிடுகின்றன. இரண்டிற்கும் இடையே 7.5 மீட்டர் இருக்க வேண்டும் என்பது கேரளத்துக் கட்டட விதி. கூரைநீரைக் கிணற்றில் விடுதல் மேட்டு வீடுகளுக்கு ஏற்றது. கிணறு ததும்பி நிற்கும் அடிவார வீட்டில் அந்நீரை நேரே சாலில் சேர்க்க வேண்டும்.

மறுபுறம், அளவுக்கு மீறி ஆழப்படுத்திய சால், கோடையில் அதே கிணற்றை வற்றச் செய்யவும் கூடும். ஆகவே சாலின் வாயில் ஒரு மடைப்பலகை பொருத்துதல் சிறந்தது. ஜூன் முதல் நவம்பர்வரை அது திறந்திருக்கும். டிசம்பரில் மழை ஓய்ந்து மண் நடக்கத்தக்க அளவு காய்ந்ததும், பலகையைத் தரைமட்டத்திற்கு ஒன்றரை அடி கீழாக நிற்குமாறு இறக்கி, எஞ்சிய நீரை மார்ச் மாதம்வரை தோட்டத்தின் அடிமண்ணிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.