கம்ப்யூட்டர் மிரட்டினால் மிரளாதீர்கள்!

பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போக்கர் கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்தேன். நிஜப் பணம் கிடையாது. 1,000 பொய்க் காசு. ரம்மி தெரிந்தவர்களுக்கு இது சுலபம். கையில் 2 சீட்டு, நடுவில் பொதுவாக 5 சீட்டு. ஏழில் சிறந்த ஐந்து ஜெயிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் காசு கட்டலாம், ஏற்றலாம் அல்லது சீட்டைப் போட்டுவிடலாம்.

எதிராளியாக இருந்த கம்ப்யூட்டரோ எந்தச் சீட்டு வந்தாலும் காசை ஏற்றிக்கொண்டே போனது. முதலில் பயந்து சீட்டைப் போட்டேன். பிறகு கோபம் வந்து, ஒன்றுமில்லாத சீட்டுக்கும் சரிக்குச் சரி கட்டினேன். அரை மணி நேரத்தில் எல்லாம் காலி!

அதன்பின் கற்றுக்கொண்டவை:

1. மோசமான சீட்டை உடனே போட்டுவிடுங்கள். ஏஸ், கிங் போன்ற பெரிய சீட்டுகளோ ஜோடியோ வரும்வரை பொறுத்திருங்கள்.

2. பலமான சீட்டு வந்தால் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். எதிராளியே ஏற்றட்டும், நீங்கள் பின்னால் கட்டிக்கொண்டே போங்கள்.

3. நடுத்தர ஜோடிக்குக் கணக்குப் பாருங்கள். கடைசிச் சீட்டும் திறந்தாயிற்று. நடுவில் 100 காசு. எதிராளி 50 கட்டுகிறான். நீங்களும் 50 போட்டால் மொத்தம் 200. அதாவது நான்கில் ஒரு முறைக்கு மேல் ஜெயித்தாலே லாபம். நிதானமாக ஆடுபவன் கட்டினால் சீட்டைப் போடலாம். எப்போதும் ஏற்றுபவனிடம் பாதி நேரம் ஒன்றும் இருக்காது, துணிந்து கட்டலாம்.

4. கோபம் வந்தால் விண்டோவை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். என் சித்தி மகன் செல்போனில் நிஜப் பணத்துக்கு ஆடினான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஆடி, கடைசியில் பைக்கை விற்றான். எதிரே ஆடியது மனிதனா, புரோகிராமா என்றுகூட அவனுக்குத் தெரியாது. 2017-ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரேட்டஸ் என்ற புரோகிராம், 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி 4 தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்ததே!

போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமை ஆட்டமானாலும், தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எனவே பொய்க் காசோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறையில் யாரும் எதிர்நீச்சல் போடுவதில்லை. வடியும்வரை கரையில் காத்திருப்பார்கள். ஏற்றிக்கொண்டே போகும் எதிராளியிடமும் அப்படியே. இன்றே ஆடிப் பாருங்கள்!