எச்சில் கையோடு எழுந்திருக்க முடியுமா?

செட்டிநாட்டுக் கல்லலில் ஒரு கல்யாணப் பந்தி. இலையை மடித்துவிட்டு ஆச்சி எழுந்திருக்கிறார். வலது கை எச்சில், தரையில் ஊன்ற முடியாது. இடது கையும் ஊன்றாமல், முழங்காலும் தரையில் படாமல், தள்ளாடாமல் எழுந்து நின்றுவிட்டாரா? அப்படியானால் உலகமே பேசும் ஒரு மருத்துவச் சோதனையின் எழும் பகுதியில் 5-க்கு 5 வாங்கிவிட்டார், தெரியுமா!

ரியோ டி ஜெனிரோவின் டாக்டர் கிளாடியோ கில் அராவுஜோ குழுவினரின் சோதனை அது. தரையில் உட்கார 5 மார்க், எழ 5 மார்க். கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் 1 போச்சு, தள்ளாடினால் அரை போச்சு. வேகத்துக்கு மார்க்கே கிடையாது! உடம்பின் வளைவு, தசையின் வலு, சமநிலை மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுகிறது. 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைச் சராசரியாக 6 ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். 8-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களைவிட, 3-ம் அதற்குக் கீழும் வாங்கியவர்களுக்கு மரண அபாயம் 5 மடங்குக்கும் அதிகம்!

சரி, இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் மார்க்கை நம்பலாமா? இதைச் சரிபார்க்கும் விதம்தான் எனக்குப் பெரிய அதிசயம். நீங்கள் ஒரு மார்க் போடுவீர்கள். பயிற்சி பெற்றவர் அதைப் பார்க்காமல் தனியாக ஒன்று போடுவார். ஊரில் எல்லாருமே தங்களுக்கு 2 மார்க் கூட்டிப் போட்டுக்கொண்டாலும், ‘ஒட்டுறவு’ என்ற புள்ளியியல் கணக்கு ‘பிரமாதமாக ஒத்துப்போகிறது’ என்றே சொல்லும்! ஒட்டுறவை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள் என்று 1986-இல் ‘லான்செட்’ இதழில் எழுதியவர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும்.

இன்னொன்றும் உண்டு. தடுக்கில் சம்மணமிட்டே வளர்ந்த செட்டிநாட்டு உடம்புக்கு ரியோவின் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நம் ஊர் ஆட்களை வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். மேஜைப் பந்தி எல்லா வீட்டையும் பிடித்துக்கொள்வதற்குள் பார்த்தால் இன்னும் நல்லது!

முழங்கால் வலி உள்ளவர்களும் மூட்டு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களும் இதில் இறங்க வேண்டாம். மற்றவர்கள் சுவர் ஓரமாக, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு செய்து பாருங்கள். உங்கள் மார்க்கை நீங்கள் எழுதுங்கள். பேத்தி உங்களிடம் காட்டாமல் அவள் மார்க்கை எழுதட்டும். அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!